ரத்தப் பரிசோதனைக்கு ஒரு விரதம்

போன மாதம் ரொறன்ரோவை ஒட்டிய மார்க்கம் நகரில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் வழக்கம்போல் தவம் அண்ணை நின்றார். அவருக்குப் பக்கத்தில், சற்றே பின்னால், வழக்கம்போல் நான்.

என் கூச்சம் இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்குப் பழைய செய்தி. எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கச் சொன்னால்... கையை எங்கே வைப்பது என்பதே பெரிய பிரச்சினையாகிவிடும். ஆனாலும் கல்யாணங்களுக்கு நான் பயப்படுவதில்லை. தவம் அண்ணை இருக்கிறாரே!

ரொறன்ரோவில் எங்கள் ஆட்களின் கல்யாணங்களில் வாசலில் ஒருவர் நிற்பார், கவனித்திருப்பீர்கள். மாப்பிள்ளைக்கும் நெருங்கிய சொந்தமில்லை, பெண்ணுக்கும் நெருங்கிய சொந்தமில்லை. ஆனால் அவர் வராவிட்டால் இரண்டு வீட்டாரும் பதறிப்போவார்கள். ஏனென்றால் வருகிற எல்லோரையும் அவருக்குத் தெரியும். எந்த ஊர், யாருடைய மகன், இங்கே எங்கே வீடு, யாரோடு கோபம், எந்த மேசையில் இருத்தக் கூடாது... எல்லாம்.

தவம் அண்ணை அப்படிப்பட்டவர். காரை நிறுத்திவிட்டு ஆள் இறங்கும்போதே கண்டுபிடித்துவிடுவார். உதட்டை அதிகம் அசைக்காமல் என் பக்கம் சரிந்து குறிப்புத் தருவார்.

“சாம்பல் கோட். கோண்டாவில். தாய் போன வருசம் தவறிப் போனவ. அதைக் கேள். மகளைப் பற்றிக் கேளாதை.”

மகளைப் பற்றி ஏன் கேட்கக் கூடாது? அதுவும் அவருக்குத் தெரியும். சொல்லமாட்டார். இப்படி அவர் தந்த குறிப்புகளை வைத்துத்தான் நான் இவ்வளவு காலமும் மனிதர்களோடு பழகியிருக்கிறேன். ‘கூச்சம் என்றாலும் எவ்வளவு அக்கறையான மனுசன்’ என்று எனக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் முக்கால்வாசி தவம் அண்ணையுடையது.

அன்றைக்கு நீலக் கோட் போட்ட, மீசை நரைத்த ஒருவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார். தவம் அண்ணையும் கைகளை விரித்தார். “வாங்கோ, வாங்கோ. வீட்டில எல்லாரும் சுகமோ?” என்றார். கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நீலக் கோட் என் தோளிலும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

தவம் அண்ணை மெல்ல என் பக்கம் சரிந்தார்.

“தம்பி... உது ஆர்?”

சின்னராசா அண்ணை! நாங்கள் அகதிகளாக வந்த புதிதில் பார்க்டேலில் ஒரே அப்பார்ட்மென்டில் இருந்தவர். எங்கள் மூவருக்கும் ஒரே சட்டி, ஒரே அகப்பை. விமான நிலையத்திலிருந்து என்னை அந்த வீட்டுக்குக் கூட்டிவந்தவர் தவம் அண்ணை. அன்றைக்குத் தன்னுடைய படுக்கையை எனக்கு விட்டுத்தந்தவர் சின்னராசா அண்ணை.

நான் பெயரைச் சொன்னேன். “ஓம் ஓம், தெரியுமே. உன்னைச் சோதிச்சுப் பாத்தனான்” என்று சிரித்தார். ஆனால் கண் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் வாசலைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தேன். வருகிற எல்லோரிடமும் அதே கேள்வி – ‘வீட்டில எல்லாரும் சுகமோ?’ நல்ல கேள்வி. உலகத்தில் யாரிடமும் கேட்கலாம், பெயர் தேவையில்லை. கல்யாணமே கட்டாமல் தனியாக இருக்கும் ஒருவரிடமும் கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஓம் அண்ணை, நான் சுகம்” என்றார்.

எத்தனை காலமாக இப்படிச் சமாளித்துக்கொண்டிருந்தாரோ!

இரண்டு நாள் கழித்து தவம் அண்ணையின் மனைவி ராணி அக்கா எனக்குப் போன் எடுத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். மார்க்கத்தில் மரக்கறி வாங்கவென்று காரில் வெளிக்கிட்ட மனுசன், எத்தனையோ மைல் தள்ளி ஒஷாவா நகரில் பெற்றோல் அடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். எப்படி அங்கே போனார் என்று அவருக்கே விளங்கவில்லை. பிள்ளைகள் இருவரும் கல்கரியில். அவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை. டொக்டரிடம் போக வேண்டும், இனி அவரைக் கார் ஓட்ட விடப் பயம், நீ வந்து கூட்டிக்கொண்டு போவாயா?

வருகிறேன் என்றேன்.

“எனக்குத் தெரியும் தம்பி உது எதாலை வந்ததெண்டு. அந்தக் கொலஸ்ட்ரோல் குளிசை. அதுதான் மூளையைத் திண்டது.”

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

தவம் அண்ணைக்கு வெகுகாலமாகக் கொலஸ்ட்ரோல். டொக்டர் தினமும் போடச் சொல்லிக் குளிசை கொடுத்திருந்தார். ஒருநாள் ராணி அக்காவின் போனுக்கு ஒரு குரல்பதிவு வந்தது. யாரோ ஒரு மனிதர், நல்ல கணீரென்ற குரல். ‘உறவுகளே, இந்தக் குளிசையைப் போட்டால் ஞாபகசக்தி போய்விடும், மூளை சுருங்கிவிடும், டொக்டர்மார் இதை உங்களுக்குச் சொல்லமாட்டார்கள்.’ எனக்கும் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும்.

ராணி அக்கா பயந்துபோனார். யார்தான் பயப்படமாட்டார்கள்? அவர் கட்டியிருப்பது ஊரின் ஞாபகத்தை அல்லவா! அன்றோடு குளிசையை நிறுத்திவிட்டார். மருந்துக்கடை மட்டும் நிறுத்தவில்லை. போத்தல்கள் ஒழுங்காக வந்து, சமையலறை அலுமாரியில் தேயிலைப் பேணிக்குப் பின்னால் வரிசையாக நின்றன.

அப்படியென்றால் ரத்தப் பரிசோதனையில் பிடிபடாதா?

பிடிபடாது. அதற்குத்தான் நாங்கள் ஒரு விரதம் கண்டுபிடித்து வைத்திருக்கிறோமே!

கந்தசட்டி, கௌரி எல்லாம் இதற்குக் கிட்டவும் வராது. ரத்தம் கொடுக்கும் நாளுக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சமெல்லாம் நிற்கும். முட்டை நிற்கும். சொதிக்குத் தேங்காய்ப்பால் நிற்கும். காலையில் கஞ்சி, இரவில் பாகற்காய். பின்னேரம் நடை. தேயிலைப் பேணிக்குப் பின்னாலிருந்து குளிசைப் போத்தல் வெளியே வரும். ரத்தம் கொடுத்த அன்று லாபிலிருந்து கார் நேராக டேக்அவுட் கடைக்குப் போகும் – மட்டன் ரோல்ஸுக்கு. போத்தல் பேணிக்குப் பின்னால் போய்விடும். பிறகு ரிப்போர்ட் வரும். “பாஸ்” என்பார் தவம் அண்ணை, பல்கலைக்கழகம் கிடைத்த மாதிரி.

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் இது நடக்கிறது. வீட்டுக்கு வீடு வாசற்படி என்பார்கள், எங்களுக்கு வீட்டுக்கு வீடு பாகற்காய். சின்ன வயதில் இருந்தே எங்களுக்கு ஒன்றைத்தான் சொல்லித் தந்தார்கள் – பேப்பரில் எது வந்தாலும் நல்ல மார்க்கோடு வரவேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு வெளியே வந்துவிட்டதால் அந்த வியாதி எனக்குக் கொஞ்சம் குறைவு.

டொக்டரிடம் போனோம். இளம்பெண், இங்கே பிறந்து வளர்ந்தவர். நல்ல தமிழ்தான், ஆனால் பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவி மறுபடி திரும்பி வருவார். ராணி அக்கா ஒஷாவாக் கதையைச் சொன்னார். டொக்டர் தவம் அண்ணையிடம் சில சொற்களைச் சொல்லி ஞாபகம் வைக்கச் சொன்னார். தாளில் மணிக்கூடு ஒன்றைக் கீறச் சொன்னார். மணிக்கூடு வந்தது, முள்ளுகள் கொஞ்சம் தடுமாறின. சொற்களில் சில திரும்பி வரவேயில்லை. தவம் அண்ணை சிரித்துச் சிரித்தே சமாளித்தார். டொக்டரிடமும் வீட்டில் எல்லாரும் சுகமோ என்று கேட்டார்.

டொக்டர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். போன ரிப்போர்ட்டைப் பார்த்தார். முகம் தெளிந்தது.

“அங்கிள், உங்கட கொலஸ்ட்ரோல் சூப்பர். பிரஷரும் ஓகே. சோ... மூளைக்குப் போற ரத்தக்குழாய் பக்கம் நான் பெரிசா வொறி பண்ணேல்லை. இதே குளிசையை இப்பிடியே போடுங்கோ. ஆறு மாதத்தால வந்து பாப்பம்.”

தவம் அண்ணை என்னைப் பார்த்தார். பாஸ்!

ராணி அக்கா கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் முறுக்கிக்கொண்டிருந்தார்.

இந்தப் பெண் ஒரு பொய் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் வழி சொல்கிறாள். மார்க்கத்துக்குப் போக வேண்டியவரை ஒஷாவாவுக்கு அனுப்புகிறாள். அனுப்பியது அவள் பிழையில்லை, வழிகாட்டிப் பலகையை மாற்றி நட்டு வைத்தது நாங்கள். ஆறு மாதம்... அதற்குள் இந்த மனிதர் என்னையும் பார்த்து ‘வீட்டில எல்லாரும் சுகமோ’ என்று கேட்டுவிட்டால்?

ஆனால் சொன்னால் என்ன ஆகும்? விமான நிலையத்திலிருந்து என்னைக் கூட்டிவந்த, எனக்குப் பெயர் தந்த மனிதரை ஒரு சின்னப் பெண்ணுக்கு முன்னால் காட்டிக்கொடுத்ததாகும். டொக்டர் அறையில் இதுவரை ‘ஓம்’ என்பதைத் தவிர நான் எதுவும் சொன்னதில்லை. எனக்கு நோவு இருந்தாலும் ஓம், நோவு இல்லாவிட்டாலும் ஓம்.

“பிள்ளை,” என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. “அண்ணை அந்தக் குளிசை போடுறேல்லை. ரத்தம் குடுக்கிறதுக்கு முன்னாலை மட்டும்தான் போடுவார். சாப்பாடும் அப்பிடித்தான். அந்த ரிப்போர்ட் அவரின்ர இல்லை.”



தவம் அண்ணை என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. சுவரிலிருந்த இதயத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏச்சு விழும் என்று நினைத்தேன். விழவில்லை. டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “அங்கிள், உங்களுக்கு மார்க்ஸ் போட நான் ரீச்சர் இல்லை,” என்றார். அவ்வளவுதான். பிறகு கதிரையை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கத் தொடங்கினார். நான் கேட்டது இது, எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

கொலஸ்ட்ரோல் கெட்டால் இதயம் கெடும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இதயத்தோடு அது நின்றுவிடுவதில்லையாம். மூளைக்குள்ளும் ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன, நூல் மாதிரி நுண்ணியவையும் உண்டு. கெட்ட கொலஸ்ட்ரோல் பல வருடம் உயர்ந்தபடியே இருந்தால் குழாய்களில் படிந்து படிந்து அங்கேயும் ஓட்டம் குறையலாம். அதனால் நடுவயதில் இது கூடுதலாக இருந்தால், பிற்காலத்தில் டிமென்ஷியா என்னும் மறதி நோய் வரும் சாத்தியமும் கூடுகிறது என்று இப்போது ஆராய்ச்சி செய்பவர்கள் சொல்கிறார்கள்.

இது மட்டும்தான் காரணமா என்று ராணி அக்கா கேட்டார். இல்லையாம். பிரஷர், சீனி, சிகரெட், காது கேளாமை, யாரோடும் பேசாமல் தனித்திருப்பது என்று பல உண்டு. கொலஸ்ட்ரோல் கூடிய எல்லோருக்கும் மறதி வருவதில்லை, மறதி வந்த எல்லோருக்கும் கொலஸ்ட்ரோல் இருந்ததுமில்லை. ஆனால் எங்களால் கையில் பிடித்து இறக்கக்கூடிய சில விஷயங்களில் இது ஒன்று.

குளிசை மூளையைத் தின்னுமா? அதையும் ராணி அக்காதான் கேட்டார். சிலர் அதைப் போட்ட பிறகு தலை மந்தமாக இருக்கிறது என்று சொல்வதுண்டாம். அப்படி இருந்தால் டொக்டரிடம் சொல்ல வேண்டும், அளவை மாற்றலாம், வேறு குளிசை தரலாம். ஆனால் அது டிமென்ஷியாவைக் கொண்டுவருகிறது என்பதற்கு இதுவரை பார்த்த பெரிய ஆராய்ச்சிகளில் ஆதாரம் இல்லை. அதற்காக, குளிசை போட்டால் மறதி வரவே வராது என்று எழுதித் தரவும் தன்னால் முடியாது என்றார்.

எனக்கு இந்தக் கடைசிப் பதில் மிகவும் பிடித்தது. யோசித்துப் பாருங்கள்... குரல்பதிவு மனிதர் எவ்வளவு உறுதியாகப் பேசினார்! படித்த இந்தப் பெண்ணோ ‘கூடலாம்’, ‘குறையலாம்’, ‘இதுவரை’ என்று அளந்து அளந்து பேசுகிறார். தெரிந்தவர்கள் ‘இருக்கலாம்’ என்கிறார்கள். தெரியாதவர்கள்தான் சத்தியம் செய்கிறார்கள்.

“நடுவயதெண்டால் எத்தினை வயசு?” என்று ராணி அக்கா கேட்டார்.

டொக்டர் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் காட்டினார். “இந்த அங்கிள்ட வயசு. இவருக்குத்தான் இப்ப முக்கியம்.”

நான் பேசினால் இப்படித்தான் ஏதாவது நடக்கும்.

அன்றைக்கே ரத்தம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். காலையில் என்ன சாப்பாடு என்று கேட்டார். இடியப்பமும் பால் சொதியும் முட்டைப் பொரியலும் என்று ராணி அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பரவாயில்லை, அப்படியே போய்க் கொடுங்கள் என்றார் டொக்டர். தவம் அண்ணை லாபுக்குள் போன முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் – மீன் சாப்பிட்டுவிட்டுக் கோவில் படி ஏறுகிறவர் போல.

அவருக்குப் பின்னால் நானும் கையை நீட்டினேன்.

வரும் வழியெல்லாம் தவம் அண்ணை கார்க் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும், “உமக்கு மெத்தப் பெரிய உபகாரம்,” என்றார். இவ்வளவு காலமும் என்னை ‘நீ’ என்று சொன்ன மனிதர். அந்த ‘உமக்கு’ எனக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது.

ரிப்போர்ட் வந்தது. கெட்ட கொலஸ்ட்ரோல் நன்றாகவே கூடியிருந்தது. ஞாபகத்தை முறையாகப் பார்க்கும் டொக்டரிடமும், தலைக்குள் படம் எடுக்கவும், காது பார்க்கவும் அனுப்புகிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. வயதா, ரத்தக்குழாயா, வேறு ஏதாவதா... இப்போது யாருக்கும் தெரியாது. ஆனால் தேடுகிறவர்கள் கையில் இப்போது சரியான முகவரி இருக்கிறது. குளிசைப் போத்தல் பேணிக்கு முன்னால் வந்துவிட்டது.

தவம் அண்ணை மட்டும் எனக்குப் போன் எடுக்கவில்லை. ஞாயிறுகள் வந்துபோயின. ராணி அக்காவிடம் கேட்டேன். “உன்ர அண்ணையின்ர கோபமும் கொலஸ்ட்ரோல் மாதிரித்தான் தம்பி. மெல்ல மெல்லத்தான் இறங்கும்,” என்றார்.

போன ஞாயிறு ஸ்காபரோவில் ஓர் அரங்கேற்றம். தெரிந்த குடும்பம், போகாமல் இருக்க முடியாது. மண்டப வாசலில் தவம் அண்ணை நின்றார். போவதா, பின்கதவு இருக்கிறதா என்று யோசித்தேன். பிறகு போய், வழக்கமான இடத்தில், சற்றே பின்னால் நின்றேன். அவர் திரும்பவில்லை.

ஒரு மனிதர் வந்தார். மொட்டைத் தலை, பட்டு வேட்டி, மனைவியும் கூட. தவம் அண்ணை கைகளை விரித்தார். “வாங்கோ, வாங்கோ. வீட்டில எல்லாரும்...” அதோடு நின்றுவிட்டார். வீட்டிலுள்ள எல்லோரும் முன்னால்தான் நிற்கிறார்களோ, இல்லையோ? அந்த ஒரு கணம் அவர் முகத்தில் ஒஷாவா பெற்றோல் நிலையத்தைக் கண்டேன்.

எனக்கும் அந்த மொட்டையரைத் தெரியாது. சொல்லிக்கொடுக்க என்னிடம் குறிப்பு இல்லை.

எங்கள் ஆட்களிடம் பெயர் கேட்பதைப் போல அவமரியாதை வேறில்லை. ‘என்னைத் தெரியேல்லையோ?’ என்ற ஒரு கேள்வியில் ஆளைக் கொன்றுவிடுவார்கள். ஆனால் நான்தான் டொக்டர் அறையிலேயே வாயைத் திறந்தவனாயிற்றே. முன்னால் வந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கும்பிட வைத்துவிட்டேன்.

“குறை நினையாதேங்கோ. மறந்து போனம். நீங்கள் ஆர்?”

மொட்டையர் என்னைப் பார்த்தார். தவம் அண்ணையைப் பார்த்தார். பிறகு நெஞ்சில் கையை வைத்துச் சிரித்தார்.

“அப்பாடா! நானும் கார்ல இருந்து இதைத்தான் யோசிச்சுக்கொண்டு வாறன். நீங்கள் ரெண்டு பேரும் ஆர்?”

வாசலில் எல்லோரும் சிரித்தார்கள். தவம் அண்ணையும் சிரித்தார், இந்தமுறை கண்ணும் சேர்ந்து. மொட்டையர் பெயரும் ஊரும் சொல்லிவிட்டு உள்ளே போனார். தவம் அண்ணை என் பக்கம் மெல்லச் சரிந்தார்.

“உன்னைத் தெரியாத மாதிரி இருந்தன் பார், அதுதான் எனக்குச் சரியான கஷ்டமாப் போச்சு.”

உன்னை!

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். “பேப்பரில எழுது. என்ர பெயரைப் போட்டே எழுது. இனி நான் வாசலில பெயர் கேட்டால் ஒருத்தரும் கோவிக்கக் கூடாது.” எழுதிவிட்டேன். வாசகர்கள் தயவுசெய்து கவனிக்கவும். அவரைக் கண்டால் நீங்களே பெயரைச் சொல்லிக்கொண்டு வாருங்கள். குறைந்துபோகமாட்டீர்கள்.

அந்த நேரம் பார்த்து ரோல்ஸ் தட்டு வந்தது. தவம் அண்ணை ஒன்றை எடுத்தார். என்னைப் பார்த்தார். இரண்டாகப் பிய்த்துப் பாதியை என் கையில் வைத்தார்.

மிச்சப் பாதியைப் பற்றி டொக்டரிடம் தானே சொல்வாராம்.